நண்பர்களுக்குள் கொறடா எதற்கு?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



2025-ம் ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி, நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க டெல்லியில் 767 பேர் ஓட்டுப் போட்டார்கள். அந்த 767 பேரில் நம் பாலிடெக்னிக் மாணவர் ஒருவரும் இல்லை. நம் அப்பா அம்மா இல்லை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவரும் இல்லை. எம்.பி.க்கள் மட்டுமே ஓட்டுப் போடுகிற தேர்தல் அது. ஆனாலும் அந்த ஒரு தேர்தலால் நம் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பெஞ்சு மாறினார்கள். கேண்டீனுக்குள் ஒருவன் நுழைந்தால் இன்னொருவன் பாதி டீயோடு எழுந்து போனான். ஓட்டே இல்லாத நமக்கு ஏன் இத்தனை ஆவேசம்?

"ஆண்டு மலர்ல அரசியல் எதுக்குப்பா, வரதட்சணைக் கொடுமை பத்தி எழுதேன்" என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். வரதட்சணை பற்றிப் போன வருட மலரிலேயே மூன்று கட்டுரைகள் வந்துவிட்டன. தவிர, நான் எழுதப் போவது கட்சி அரசியல் அல்ல. இதைக் கடைசி வரி வரை படித்தாலும் நான் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. ஏன் சொல்ல மாட்டேன் என்பதுதான் கட்டுரையே!

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையில் ஜெகதீப் தன்கர் பதவியை ராஜினாமா செய்ததால் வந்த தேர்தல் அது. தேசிய ஜனநாயகக் கூட்டணி நிறுத்தியவர் சி.பி.ராதாகிருஷ்ணன். பக்கத்துத் திருப்பூர்க்காரர். 1998-லும் 1999-லும் நம் கோவைத் தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனவர். எதிரணியான இந்தியா கூட்டணி நிறுத்தியவர் பி.சுதர்சன் ரெட்டி. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி, தெலங்கானாக்காரர். தி.மு.க. இவரை ஆதரித்தது. முடிவு 452-க்கு 300. சி.பி.ஆர். ஜெயித்தார். 15 ஓட்டுகள் செல்லாதவை. (எம்.பி.க்களே 15 செல்லாத ஓட்டுப் போடுகிறார்கள். நாம் ஒரு பேப்பர் அரியர் வைத்தால் மட்டும் வீட்டில் சோறு இறங்காமல் பேசுகிறார்கள்!)

எங்கள் செட்டில் ஆறு பேர். பெயர் வேண்டாம். ஹாஸ்டலில் ஊர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அதுவே போதும். திருப்பூர்க்காரன் ஆரம்பித்தான். "நம்ம ஊரு ஆளுடா மாப்ள. ராஜ்யசபாவுல தலைவர் நாற்காலில உக்காரப் போறாரு. இதுல என்னடா கட்சி பாக்கறீங்க?" மதுரைக்காரன் விடவில்லை. "ஊர்க்காரர்னா மட்டும் போதுமாடா? எந்தக் கொள்கைக்காக நிக்கிறாருன்னு பாக்க வேணாமா?" நியாயமாகப் பார்த்தால் இரண்டுமே கேட்க வேண்டிய பேச்சுதான். சொந்த ஊர்க்காரர் பெரிய பதவிக்குப் போகும்போது மனசு குளிர்வது தப்பில்லை. ஊரை வைத்து மட்டும் முடிவு செய்யாதே என்பதும் தப்பில்லை. அங்கேயே நின்றிருந்தால் நல்ல பட்டிமன்றம்.

நிற்கவில்லை. மூன்றாம் நாள் பேச்சு ஓசூர்க்காரன் பக்கம் திரும்பியது. அவன் வீட்டில் பேசுவது தெலுங்கு. "நீ அந்தப் பக்கந்தான்டா, உங்க ஆளு நிக்கறாரு." அவன் அதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவன் இல்லை. அவன் கருத்தை அவனுக்குப் பதிலாக இவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். "நான் தெலங்கானாவ மேப்புலதான்டா பாத்திருக்கேன்" என்றான். கோயமுத்தூரிலேயே வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களையெல்லாம் ஐதராபாத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லலாமா?

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ராத்திரி பத்து மணிக்கு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் வாக்கெடுப்பு போட்டான். 'யார் ஜெயிக்கணும்?' இரண்டு பெயர். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் நாம் எதைத் தொட்டோம் என்பது நம் பெயரோடு குழுவில் எல்லோருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் பெயர்கள் வரிசையாக ஏறின. அதோடு விடவில்லை. தொடாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏன்டா சைலன்ட்?" "பயமா?" "ரெண்டு பக்கமும் ஜால்ராவா?" இருகூர்க்காரன் ஒன்றும் பேசாமல் குழுவை விட்டே வெளியேறினான்.

அவன் ஏன் வெளியேறினான் என்று எனக்குத் தெரியும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். செமஸ்டர் லீவில் அவன் வேலைக்குப் போவது எங்கள் வகுப்புப் பையன் ஒருவனுடைய மாமாவின் லேத் பட்டறைக்கு. அந்த மாமா ஒரு கட்சியில் பொறுப்பில் இருக்கிறார். தினமும் அவன் காலேஜ் வருவதோ இன்னொரு நண்பனின் வண்டியில் பின் சீட்டில். அந்த நண்பன் வீட்டில் எதிர்க்கட்சிக் கொடி பறக்கிறது. இவன் எந்தப் பெயரைத் தொட்டாலும் ஒன்று வேலை கசக்கும், இல்லாவிட்டால் வண்டி கசக்கும். யாரும் வாய்விட்டு மிரட்டவில்லை. அதற்கு அவசியமும் இல்லை.

எங்களைப் போல வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். என் அப்பா வார்ப்படப் பட்டறையில் மோல்டர். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் வருடம் என்ஜினீயரிங் டிராயிங்குக்கு டிராஃப்டர் ஒரு சீனியர் கொடுத்தது. ரெக்கார்ட் எழுத நோட்டு இன்னொருவனுடையது. இரண்டாவது செமஸ்டர் பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாளில் கை கொடுத்தவன் மூன்றாமவன். கொடுத்த யாரும் சொல்லிக்காட்டியதில்லை, நல்லவர்கள். ஆனால் வாங்கின கைக்குச் சொந்தமான வாய் கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். கருத்தைச் சொல்லுடா என்று சுலபமாகக் கேட்கிறவன் பெரும்பாலும் யாரிடமும் எதையும் ஓசி வாங்காதவன்.

ரகசிய ஓட்டு என்று உலகத்தில் ஒன்று வந்ததே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். இங்கிலாந்தில் 1872 வரை ஓட்டுப் போடுகிறவர் யாருக்குப் போடுகிறார் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். பண்ணையார் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நிலத்தில் குத்தகைக்கு இருக்கிறவர் வேறு பெயரைச் சொல்ல முடியுமா? சட்டப்படி அவருக்கும் சுதந்திரம் இருந்தது. வருஷக் கடைசியில் குத்தகை இருக்காது, அவ்வளவுதான். அந்த வருடம் சட்டம் போட்டுச் சீட்டை மறைத்துப் போடுவதாக மாற்றினார்கள்.

நம் சட்டம் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் ஒவ்வொரு கட்சிக்கும் கொறடா என்று ஒருவர் உண்டு. முக்கியமான ஓட்டெடுப்பு வந்தால் 'இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும்' என்று அவர் உத்தரவு போடுவார். மீறினால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே பறிபோகலாம். ஆனால் குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல்களில் கொறடா உத்தரவு போட முடியாது. மறைப்புக்குள் போய், கொடுக்கிற தனிப் பேனாவால் பெயருக்கு நேரே 1 என்று எழுதி மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். சீட்டை வெளியே காட்டுவதே தப்பு. ராஜ்யசபா தேர்தலில் இதற்கு நேர்மாறு. 2003-ல் சட்டம் திருத்தியதிலிருந்து கட்சிக்கார எம்.எல்.ஏ. தன் சீட்டைக் கட்சி ஏஜென்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். ஆக, காட்டிப் போடுவது எது, மறைத்துப் போடுவது எது என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நாட்டின் முதல் இரண்டு நாற்காலிகளுக்கும் மறைத்துப் போடு என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சுதந்திரம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரஸ் கட்சியின் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. பிரதமராக இருந்த இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். சுயேச்சையாக நின்ற வி.வி.கிரிக்கு முதல் எண்ணிக்கையில் பாதி தேறவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணித்தான் 4,20,077-க்கு 4,05,427 என்று ஜெயித்தார். குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாம் விருப்பம் வரை எண்ணி முடிவானது அது ஒன்றுதான். அந்த வருடமே காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. காமராஜர் ஒரு பக்கம், பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம் இந்திரா பக்கம்.

இந்த இருவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1954-ல் ராஜாஜி பதவி விலகியபோது சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்கு காமராஜரை எதிர்த்து நின்றவரே சி.எஸ்.தான். ஜெயித்த காமராஜர் என்ன செய்தார்? தோற்றவரை மந்திரியாக்கிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ராஜாஜி-பெரியார் நட்பைப் பற்றி எல்லா மேடையிலும் சொல்வார்கள், நானும் சொல்லத் தேவையில்லை. எனக்கு இந்த 1954 கதைதான் பிடிக்கும். ஆனால் ஒரு சந்தேகமும் உண்டு. மந்திரி சபையில் எதிரும் புதிருமாக இருக்கலாம், ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு கார். நம் நிலைமை அப்படியா? ஒரே லேத்தை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

அதனால் இன்னும் பக்கத்தில் ஒரு கதை. எங்கள் அப்பாரு மில் தொழிலாளி, செங்கொடிச் சங்கம். நான் பிறப்பதற்கு முன்னால், 2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. பெரும்பாலான கட்சிகள் சேர்ந்து நிறுத்தியவர் அப்துல் கலாம். இடதுசாரிகள் நிறுத்தியவர் கேப்டன் லட்சுமி சாகல். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நேதாஜியின் ராணுவத்தில் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர். ஒரு பக்கம் ராமேஸ்வரம், ஒரு பக்கம் சென்னை. ஊர்ப்பாசம் பேசுகிறவர்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

பக்கத்து மெஷினில் வேலை செய்த அப்பாருவின் கூட்டாளி, "ஏனுங், ஒரு படகுக்காரரு மகன் நாட்டுக்கே தலைவராகறாரு, அத வேண்டாங்கறீங்களா?" என்று கேட்பாராம். "வேண்டாங்கல. அந்தம்மா ஜெயிக்கறதுக்கு நிக்கல, ஒரு கேள்வி கேக்கறதுக்கு நிக்குது" என்பாராம் அப்பாரு. கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. அப்பாரு கடைசி வரை தன் பேச்சை மாற்றவில்லை, கூட்டாளியும் மாற்றவில்லை. நவம்பரில் தீபாவளி போனஸுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மில் கேட்டில் நின்றார்கள்.

இதைச் சொன்னால் 'அந்தக் காலத்து நட்பு' என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு வேறு காரணம் தெரிகிறது. இரண்டு பேருக்கும் ஒரே கூலி. யாரும் யாரிடமும் வண்டி ஓசி கேட்கவில்லை, யாருடைய மாமா பட்டறையிலும் லீவு வேலைக்கு நிற்கவில்லை. சங்கச் சந்தா சட்டைப் பையில் இருந்தது. அதனால் கேட்டில் நின்று சத்தமாகச் சொல்ல முடிந்தது. அந்தச் சமநிலை எல்லா நண்பர்களுக்குள்ளும் இல்லை என்பதைத்தான் அன்று இரவு வாக்கெடுப்பு போட்டவன் யோசிக்கவில்லை.

அப்படியானால் அரசியலே பேசக் கூடாதா? என் அப்பாவின் கட்சி அதுதான். "படிக்கற எடத்துல கட்சி பேசாத, கண்ணு. கேசு கீசுன்னு ஆச்சுன்னா அப்ரண்டிஸ்கூட கெடைக்காது." அவர் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் இதில் அவரோடு சேரவில்லை. தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9-ல் நம் கோவையில்தான் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த எங்கள் வகுப்புப் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அது அரசியல் இல்லாமல் வந்ததா? இந்தத் தேர்தல் நடந்த அதே சமயத்தில், 2025 ஆகஸ்ட் 27 முதல், அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு அது தலையில் விழுந்த இடி. எங்கள் திருப்பூர்க்காரனின் அம்மா வேலை பார்ப்பது ஒரு பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவில். ஆறு பேரும் அந்த இரண்டு வாரம் முழுக்க அரசியல் பேசினோம். அவன் வீட்டில் அந்த வாரம் வேலை இருந்ததா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. துணைக் குடியரசுத் தலைவருக்கு என்ன வேலை என்றுகூட யாரும் கேட்கவில்லை. மாநிலங்களவையை நடத்துகிறவர் அவர். ஒரு மசோதா எவ்வளவு நேரம் விவாதிக்கப்படும், எதிர்த்துப் பேசுகிறவருக்கு மைக் கிடைக்குமா என்பதெல்லாம் அந்த நாற்காலியைப் பொறுத்தது. அதைப் பேசியிருந்தால் மதுரையும் திருப்பூரும் பாதி வழியில் சந்தித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு எல்லையும் உண்டு. அந்த நாட்களில் ஒருவன் 'நம்ம ஆளுக' என்று ஆரம்பித்து எதிரே இருந்தவனின் சாதியைத் தொட்டுப் பேசினான். அதற்குக் கருத்து வேறுபாடு என்று பெயர் வைக்க முடியாது. நட்பு கெடக் கூடாது என்று அங்கே பல்லை இளித்துக்கொண்டு உட்கார வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நானும் ஓசூர்க்காரனும் எழுந்து வந்துவிட்டோம். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

மற்றபடி, யார் எந்தப் பக்கம் என்று முத்திரை குத்துவது நம் ஊரில் செல்லுபடியாகாத காரியம். கோவை பாராளுமன்றத் தொகுதியைப் பாருங்கள். 1991-ல் காங்கிரஸ். 1996-ல் தி.மு.க. 1998, 1999-ல் பா.ஜ.க. 2004-ல் இந்திய கம்யூனிஸ்ட். 2009-ல் மார்க்சிஸ்ட். 2014-ல் அ.தி.மு.க. 2019-ல் மறுபடி மார்க்சிஸ்ட். 2024-ல் தி.மு.க. கூட்டணிக் கணக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், தெருவுக்குப் பத்துப் பேராவது மனசு மாறி ஓட்டுப் போட்டிருக்காவிட்டால் கணக்கு உதைக்கிறது. நம் அப்பா அம்மாக்களே மாறி மாறி யோசித்திருக்கிறார்கள். பதினெட்டு வயதில் நாம் மட்டும் ஏன் சிமென்ட் போட்டு உட்கார வேண்டும்? இன்று வாக்கெடுப்பில் தொட்ட பெயரை அடுத்த வருடம் ஒருவன் மாற்றிக்கொள்ள நினைத்தால், பழைய ஸ்கிரீன் ஷாட்டைக் காட்டிக் கிண்டல் செய்ய ஆள் தயாராக இருக்கிறது.

2027-ல் குடியரசுத் தலைவர் தேர்தல் வர வேண்டும். அதில் எம்.எல்.ஏ.க்களுக்கும் ஓட்டு உண்டு. 2022-ல் திரௌபதி முர்முவும் யஷ்வந்த் சின்காவும் நின்றபோது தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. சிங்காநல்லூர் எம்.எல்.ஏ. கையிலும் அந்த 176 இருந்தது. அப்போது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் ஒரு சண்டையும் வரவில்லை. யார் கையிலும் போன் இல்லை!

டெல்லியை விடுங்கள், மாணவர் பேரவைக்கு என்னிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நம் கல்லூரியில் வகுப்புப் பிரதிநிதியைக் கை தூக்கச் சொல்லித் தேர்ந்தெடுக்கிறோம். கை தூக்கும்போது யாரும் கரும்பலகையைப் பார்ப்பதில்லை, திரும்பித் திரும்பிப் பின் பெஞ்சில் யார் கை எழுகிறது என்றுதான் பார்க்கிறார்கள். பிரதிநிதியாக நிற்கிறவன் ரெக்கார்ட் நோட்டு கொடுத்தவனாக இருந்தால், வாங்கினவன் கை தானாக மேலே போகிறது. வருகிற ஆண்டு முதல் சீட்டில் எழுதிப் போடுவதாக வைத்துக்கொள்ளலாம். அறுபது பேர் வகுப்புக்கு நாலு முழுத் தாளைக் கிழித்தால் போதும். பெட்டிக்கு வொர்க்‌ஷாப்பில் பழைய டூல் பாக்ஸ் எத்தனையோ கிடக்கிறது. எண்ணுவதற்கு வேறு பிரிவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடலாம். ஒரு பீரியட்கூட ஆகாது. செல்லாத சீட்டு ஒன்றிரண்டு விழத்தான் செய்யும். டெல்லியிலேயே பதினைந்து விழுந்திருக்கிறதே!